நடுவில் வளைகிற கோடு

டெக்சஸ்
15 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் வாழ்த்து. நீயும் மாமாவும் சௌக்கியமா? மாமாவின் முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் ஐந்து நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் மெயில். தமிழில் அடிக்க வெண்பா ஏற்பாடு செய்து கொடுத்தாள். அப்பா எழுதுவதை அவளுக்குப் படிக்கத் தெரியாது. அது ஒரு சௌகரியம்.

விஷயம் இதுதான். ரைபிள் ஒன்று வாங்கியிருக்கிறேன். உடனே கத்தாதே. கிரீன் கார்டு இருக்கிறது, சொந்த நிலம் இருக்கிறது, எல்லாம் சட்டப்படிதான். ரிச்சர்ட்சன் ஊர் வீட்டை விற்றுவிட்டு இந்த ஐந்து ஏக்கருக்கு வந்தபோது ஆடு வளர்க்கப் போகிறேன் என்றேன், நீ சிரித்தாய். இப்போது பதினொரு ஆடுகள் நிற்கின்றன. இந்த மாதம் பிறந்த குட்டிகளில் மூன்றைக் கயோட்டி தூக்கிக்கொண்டு போய்விட்டது. நரியைவிடப் பெரிசு, ஓநாயைவிடச் சின்னது, பகலிலேயே வேலியோரம் வந்து நின்று பார்க்கிறது. அந்தத் திமிரைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ரைபிளுக்குக் குறி பார்க்கும் தொலைநோக்கி, ஸ்கோப், வேண்டும். சனிக்கிழமைகளில் ரேஞ்சுக்குப் போய்க் காகித இலக்கில் சுடப் பழகுகிறேன், அதற்கும் ஆக வேண்டும், கயோட்டிக்கும் ஆக வேண்டும். முந்நூறு டாலருக்குமேல் போகமாட்டேன். கடையில் ஒருவன் ஒன்று சொல்கிறான், யூட்யூபில் ஒருவன் வேறு சொல்கிறான். நீ இருபது வருஷமாக லேசர் கண்ணாடிகளில் கீறல் பார்க்கிறவள். எதை வாங்கலாம் என்று சொல்.

இங்கே சீடர் மரங்கள் மகரந்தத்தைக் கொட்டுகின்றன. மூக்கும் கண்ணும் எரிகின்றன. அர்ஜென்ட் கேர் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு ஓட்டுகிறேன். வேலை போகிறது. எல்லாரும் நலம்.

செழியன்


லிவர்மோர்
28 ஜனவரி 2024

செழியனுக்கு அக்கா எழுதுவது.

இங்கே நலம். மாமாவின் முழங்காலைப் பற்றி அவரிடமே கேள், அரைமணி நேரம் சொல்வார். தினமும் மலை ஏறி இறங்கி ஃப்ரீமான்ட்டுக்கு டிரைவ் பண்ணுவதால் வந்தது என்கிறார். வேலையை விடச் சொன்னால் மட்டும் வலி போய்விடுகிறது.

உன் மெயிலைப் பத்து நாள் மூடி வைத்திருந்தேன். துப்பாக்கி வாங்குகிற வீட்டுக்கு நான் யோசனை சொல்வதா என்று. நீ எடிசனில் இருந்தபோது மராத்தான், ரிச்சர்ட்சனில் தேனீ, இப்போது ரைபிள். ஒன்றில் உட்கார்ந்து மூச்சு விட உனக்கு முடியாதா?

ஆனால் கண்ணாடி என்று கேட்டுவிட்டாய். அதனால் சொல்கிறேன்.

குறைந்த விலையில் நிறையப் பெரிதாக்குகிற ஸ்கோப்பை வாங்காதே. இருபத்து நான்கு மடங்கு என்று பெட்டியில் எழுதியிருப்பான். அந்த விலைக்கு அந்தப் பெருக்கத்தில் நல்ல கண்ணாடி கொடுக்கவே முடியாது. படம் மங்கும். மடங்கு கூடக்கூட உன் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றை மெலிந்துகொண்டே போகும், சாயங்கால வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. உன் கயோட்டி பகலில் நின்று பார்த்தாலும் குட்டியைத் தூக்கச் சாயங்காலம்தானே வரும்? நான்கிலிருந்து பன்னிரண்டு மடங்கு, முன்கண்ணாடி நாற்பது மில்லிமீட்டர், அது போதும். தூரத்துக்குத் தகுந்தபடி திருத்திக்கொள்ள ஒரு திருகு இருக்கட்டும். இல்லாவிட்டால் தலை கொஞ்சம் அசைந்தாலும் குறி இலக்கைவிட்டு நகரும். காசைப் பளபளப்பில் போடாதே, கண்ணாடியின் பூச்சில் போடு. கண்ணை மிக ஒட்டி வைக்காதே, சுட்டதும் பின்னால் வந்து புருவத்தைக் கிழிக்கும்.

கயல் இதற்கு என்ன சொல்கிறாள்? பெண்டாட்டியைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. தூங்குகிறாயா?

வான்மதி


டெக்சஸ்
10 பிப்ரவரி 2024

அக்கா,

நலம், நலமறிய ஆவல். மாமாவிடம் பேசினேன். அரைமணி இல்லை, நாற்பது நிமிடம்.

கோபித்துக்கொள்ளாதே, இருபத்து நான்கு மடங்கையே வாங்கினேன். தள்ளுபடியில் கிடைத்தது. நீ சொன்னபடியே ஆயிற்று, மங்கல். அதுகூடப் பரவாயில்லை, உள்ளே இருக்கும் குறுக்குக்கோடு நடுவில் வளைந்திருக்கிறது! வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி மாதிரி லேசாக ஒரு வளைவு. கடைக்காரன் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "ஐ டோன்ட் ஸீ இட்" என்றான். காசைத் திருப்பித் தந்துவிட்டான், அதுவரை நல்லது.

பக்கத்து நிலத்து டார்லீனைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனா? பள்ளிப் பேருந்து ஓட்டி ரிட்டயர் ஆனவள், கணவர் இல்லை. அவளுடைய நாய் ரஸ்டி, செம்பழுப்பு, கயோட்டியைப்போல ஒன்றரைப் பங்கு இருக்கும். இரண்டு நிலத்துக்கும் நடுவில் உள்ள கேட் வழியாக வந்து என் ஆடுகளோடு படுத்துக்கொள்கிறது. "என் நாய்க்கு நான் சோறு போடுறேன், உன் ஆட்டுக்கு அது காவல் காக்குது, எனக்கு என்ன லாபம்?" என்று டார்லீன் கேட்பாள். கயல் செய்த முறுக்கைக் கொடுத்தால் சரியாகிவிடுவாள். ஆனால் ரஸ்டிக்கு வயதாகிவிட்டது. அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

நான் உட்காரவில்லை என்கிறாய். ஆபீசில் வியாழக்கிழமைதோறும் ஆட்களை வேலையை விட்டு அனுப்புகிறார்கள் அக்கா. உட்கார்ந்தால் அதுதான் ஞாபகம் வருகிறது.

செழியன்


லிவர்மோர்
20 பிப்ரவரி 2024

தம்பிக்கு,

இங்கே மழை. மலையெல்லாம் பச்சையாக இருக்கிறது, மே மாதம் காய்ந்து போவதற்குள் வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

திருப்பிக் கொடுத்தது நல்லது. ஆனால் நீ எழுதிய வளைவு எனக்கு விளங்கவில்லை. அந்தக் கோடு கண்ணாடியில் செதுக்கியதாக இருக்கும், இல்லை மெல்லிய கம்பியாக இருக்கும். செதுக்கியது வளையாது. கம்பி அறும், தளர்ந்து சாயும். மெழுகுவர்த்திபோல நடுவில் மட்டும் வளைவதை நான் பார்த்ததில்லை. ரைபிளில் மாட்டும் வளையங்களை ரொம்ப இறுக்கிவிட்டாயோ? அடுத்ததற்கு அளவோடு முடுக்கு.

ஊசி என்றாயே, ஸ்டீராய்டா? எத்தனை போட்டாய்? சளிக்கு அதைப் போடுகிற வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆபீசில் உனக்கு ஒன்றும் இல்லையே? கயலைப் பற்றி இரண்டாவது முறையாகக் கேட்கிறேன்.

வான்மதி


டெக்சஸ்
17 மார்ச் 2024

அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம்.

பதில் தாமதமாகிவிட்டது. நீ சொன்ன நான்கு-பன்னிரண்டையே வாங்கினேன். பூச்சு நன்றாக இருக்கிறது, ஓரங்கள் கத்திபோலத் தெளிவு. ஆனால் நம்புவாயா, இதிலும் கோடு வளைகிறது! நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து எடுத்ததுபோல ஒரு சாம்பல் கறை. துணி போட்டுத் துடைத்தேன், ஊதினேன், போகவில்லை. ரேஞ்சில் என்னோடு சுடும் ராமசுப்ரமணியன் பார்த்தார். பென்ஷன் வாங்குகிற மனிதர், பொய் சொல்லமாட்டார். "நல்லாத்தானப்பா இருக்கு, உனக்கு எல்லாத்துலயும் குறை" என்றார். போன மாதம்வரை அவரைவிட நான் நன்றாகச் சுடுவேன். இப்போது என் குண்டுகள் காகிதமெல்லாம் சிதறுகின்றன. முந்நூறு டாலருக்குள் இந்த நாட்டில் ஒரு நேர்கோடு கிடைக்காதா?

இருந்தாலும் போன வாரம் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கயோட்டியை அடித்தேன். குட்டைக்கு அப்பால், மெஸ்கீட் மரத்தடியில் நின்றது. சின்னதாக, நிறம் செத்த சாம்பலாக. சுட்டதும் விழுந்தது. பிறகு எழுந்து புதருக்குள் ஓடிவிட்டது. தேடிப் பார்த்தேன், இருட்டிவிட்டது. அன்றிலிருந்து குட்டி எதுவும் போகவில்லை.

இன்னொன்று, மனசுக்குக் கஷ்டமான விஷயம். ரஸ்டியை யாரோ சுட்டிருக்கிறார்கள். ஞாயிறு காலை டார்லீன் வீட்டு வராந்தாப் படிக்கு அடியில் கிடந்திருக்கிறது, பின்னங்கால் எலும்பு தூளாகி. டார்லீன் அழுதுகொண்டே கேட்டுக்கு வந்தாள். நான்தான் அவளையும் நாயையும் வண்டியில் வைத்து கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். காலை எடுத்துவிட்டார்கள், உயிர் இருக்கிறது. எவன் செய்தானோ! ரோட்டில் பிக்கப்பில் போகிற விடலைகள் கண்டதையும் சுடுகிறார்கள். வேலியில் கேமரா மாட்டியிருக்கிறேன். பிடிக்காமல் விடமாட்டேன்.

செழியன்


லிவர்மோர்
18 மார்ச் 2024

செழியா,

ரைபிளைப் பூட்டி வை. சாவியைக் கயலிடம் கொடு. கேள்வி கேட்காதே.

ஸ்கோப்பைக் கழற்றி எனக்கு அனுப்பு, நான் பார்க்கிறேன். அதுவரை எதையும் சுட வேண்டாம்.

உன் மெயிலை நீயே இன்னொரு முறை படித்துப் பார். சனிக்கிழமை என்று எழுதியிருக்கிறாய், ஞாயிறு என்று எழுதியிருக்கிறாய். நடுவில் ஒன்றும் எழுதவில்லை.

அக்கா


டெக்சஸ்
6 ஏப்ரல் 2024

அக்காவுக்கு,

ஸ்கோப்பை நேற்று பார்சலில் போட்டேன், புதன்கிழமைக்குள் வந்துவிடும். உன் லேப் கருவியில் வைத்துப் பார்த்து என்ன குறை என்று இரண்டு வரி எழுதிக் கொடு. கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். இப்படிப்பட்டதை விற்பதே ஆபத்து. இதனால் யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் அவர்கள்தான் பொறுப்பு.

கேமராவில் இதுவரை யாரும் சிக்கவில்லை.

எல்லாரும் நலம்.

செழியன்


லிவர்மோர்
16 ஏப்ரல் 2024

அன்புள்ள செழியா,

நீ நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் முழுக்க அதற்காகத்தான். கடைசிவரை படி.

ஸ்கோப் வந்தது. லேபுக்கெல்லாம் கொண்டுபோக முடியாது, செக்யூரிட்டியில் மாட்டினால் எனக்கு வேலை போகும். கராஜில் பிடிகருவியில் இறுக்கி, கதவைத் திறந்து, தெருக்கோடியில் இருக்கும் செங்கல் சுவரைப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் வந்து என்ன செய்கிறாய் என்று கேட்கும்வரை பார்த்தேன். பிறகு அவரையும் பார்க்க வைத்தேன். மாமா பார்த்தார். பன்னிரண்டு மடங்கிலும் பார்த்தோம், நான்கிலும் பார்த்தோம். சாயங்காலம் வெளிச்சம் இறங்கியபிறகும் பார்த்தோம். திருகுகளை ஏற்றி இறக்கித் திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன், இம்மி பிசகவில்லை.

கோடு நேராக இருக்கிறது. கறை இல்லை. அந்த விலைக்கு இவ்வளவு நல்ல கண்ணாடியை நான் எதிர்பார்க்கவே இல்லை. கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

இரண்டு ஸ்கோப்பிலும் ஒரே இடத்தில் வளைவு தெரிந்தது உனக்கு ஒருவனுக்குத்தான். அந்த இரண்டுக்கும் பொதுவாக இருந்தது உன் வலது கண்.

இத்துடன் கட்டம் போட்ட தாள் ஒன்றை இணைத்திருக்கிறேன். பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டு. இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு நடுப்புள்ளியைப் பார். பிறகு வலது கண்ணை மூடிப் பார். கோடுகள் வளைகின்றனவா? வலது கண்ணுக்கு எழுத்துகள் சின்னதாக, நிறம் மங்கித் தெரிகிறதா? தெரிந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போ. ஸ்டீராய்டு ஊசியைப் பற்றியும் அவரிடம் சொல். நான் டாக்டர் இல்லை, கண்ணாடி பார்க்கிறவள். ஆனால் கண்ணும் ஒரு கண்ணாடிதான்.

ரஸ்டி கயோட்டியைவிடப் பெரிது, செம்பழுப்பு என்று நீதான் எழுதினாய். மெஸ்கீட் மரத்தடியில் நின்றது சின்னதாக, சாம்பலாக இருந்தது என்றும் நீதான் எழுதினாய். நான் எதையும் கூட்டவில்லை.

நீ வேண்டுமென்று செய்கிறவன் இல்லை. அது எனக்குத் தெரியும். பதில் எழுது. கோபமாகவாவது எழுது.

அக்கா


டெக்சஸ்
12 மே 2024

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

கயல் எழுதுகிறேன். நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் தம்பி பதில் எழுதியிருக்கமாட்டார். அதனால்தான் இது.

உங்கள் மெயில் வந்த அன்று படித்துவிட்டு நேரே ஆட்டுப்பட்டிக்குப் போனார். அன்றிலிருந்து வேலி கட்டினார், பழைய கொட்டகையைப் பிரித்தார், மறுபடி போட்டார். ஒருநாள் பிரிண்டரில் கட்டம் போட்ட தாள் கிடப்பதை வெண்பா எடுத்து வந்தாள். பேனாவால் அதன் நடுவில் கோடுகளை வளைத்து வளைத்து வரைந்திருந்தார், மேலே 'வலது' என்று எழுதி. "அம்மா, வாட் இஸ் திஸ்? டாட் இஸ் பீயிங் வியர்ட்" என்றாள். அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. ஃப்ரீவேயில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு போர்டு படிப்பார். கேட்டால் மகரந்தம் என்பார்.

கையைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப் போனேன். வலது கண்ணில் விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறதாம். மன அழுத்தம், தூக்கமின்மை, அதோடு அந்த ஸ்டீராய்டு, எல்லாம் சேர்ந்தால் வருமாம். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சில மாதங்களில் தானாக வற்றும் என்கிறார். ஊசியை நிறுத்திவிட்டோம். இன்னொரு ஸ்கேன் எடுக்கும்வரை டிரைவ் பண்ணக் கூடாது. நான்தான் ஆபீசில் விடுகிறேன்.

அண்ணி, ஆபீஸைப் பற்றி அவர் உங்களிடம் முழுக்கச் சொல்லியிருக்கமாட்டார். வியாழக்கிழமை யாரை வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்று தன் குழுவில் பெயர் கொடுப்பது இவர்தான். டிசம்பரிலிருந்து நடக்கிறது. க்ரிஷ் என்று ஒரு பையன், நம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறான், மனைவிக்குப் பிரசவம் ஆகி இரண்டு வாரம். அவன் பெயரும் போனது. அன்றைக்குத்தான் ரைபிள் வாங்கிக்கொண்டு வந்தார். நான் சத்தம் போட்டேன். இரண்டு மாதம் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. என்னைப் பற்றி நீங்கள் கேட்டும் பதில் வராமல் இருந்தது அதனால்தான்.

சொல்லாமல் இருந்தது அவர் மட்டும் இல்லை. அந்தச் சனிக்கிழமை நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வெடிச்சத்தம் கேட்டது. பின்னாலேயே ஒரு நாயின் குரல். கயோட்டியின் ஊளையை இந்த ஒரு வருஷத்தில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். அன்று கேட்டது அது இல்லை. காலையில் டார்லீன் அழுதுகொண்டு வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் முறுக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு ஆறுதல் சொல்லப் போனேன்.

நேற்று டார்லீன் கேட்டருகில் நின்று, "உன் வீட்டுக்காரர் மாதிரி இன்னும் நாலு பேர் இருந்தா இந்த ஊர் உருப்படும்" என்றாள். நான் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

நான் சொன்னால் சண்டையாகிவிடும். நீங்கள் அவருக்கு எழுதுங்கள்.

அன்புடன்
கயல்


லிவர்மோர்
14 மே 2024

செழியா,

கயல் எழுதினாள். கண் விஷயம் கேட்டுத் தலையிலிருந்து பாரம் இறங்கியது. மாமா கோயிலுக்குப் போய் உன் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். கேண்டீனில் இரண்டு தோசை சாப்பிட்டார் என்பதும் உண்மை.

க்ரிஷ் விஷயமும் எழுதினாள். நீ என்னிடம் ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஒன்றிலும் உட்காரமாட்டாயா என்று நான் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். என்ன ஓடுகிறது என்று தெரியாமல் திட்டினேன்.

டார்லீனிடம் என்ன சொல்வது என்று நான் எழுதித் தரமாட்டேன். கண் சரியில்லை என்று தொடங்காதே, அவ்வளவுதான். அது உண்மை, ஆனால் முதலில் சொல்ல வேண்டியது அது இல்லை.

துணைக்கு வேண்டுமென்றால் விமானம் ஏறி வருகிறேன். சொல்.

அக்கா


டெக்சஸ்
23 ஜூன் 2024

அக்காவுக்கு,

உடம்பு தேவலை. நேற்று ஸ்கேன் எடுத்தார்கள், பாதி நீர் வற்றியிருக்கிறது. தாளில் கோடு இன்னும் வளைகிறது, ஆனால் முன்னைப்போல இல்லை. இரவு ஐந்து மணி நேரம் தூங்குகிறேன். பெயர் கொடுக்கிற வேலை வேண்டாம், பழையபடி கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிற வேலைக்கே அனுப்புங்கள் என்று ஆபீசில் கேட்டிருக்கிறேன். ஒருவேளை அடுத்த வியாழக்கிழமை என் பெயரே வரலாம். வரட்டும். க்ரிஷுக்குப் போன் செய்தேன். அவன் எடுக்கவில்லை. ஆடுகளுக்கு மின்வேலி போட்டாயிற்று.

டார்லீனிடம் நீ எழுதிய வாரமே போனேன். கயலும் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். டார்லீன் வராந்தாவில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ரஸ்டி அவள் காலடியில் படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. நின்றபடியே, "ரஸ்டியைச் சுட்டது நான்தான்" என்றேன். கயோட்டி என்று நினைத்தேன், சரியாகப் பார்க்காமல் சுட்டேன் என்றேன். கண்ணைப் பற்றிச் சொல்லவே இல்லை, அதற்கு வாய்ப்பும் வரவில்லை.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்: "அன்னைக்கு வண்டியில என் பக்கத்துல உக்காந்து வந்தியே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. தெரியாது என்று சொன்னால் அது பொய். கேமரா மாட்டினேன், விடலைப் பையன்களைத் திட்டினேன், அத்தனையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டது. "தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு இருந்தேன்" என்றேன். இதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

"என் காரியமா நீ அலைஞ்சதை ஊரெல்லாம் சொல்லிட்டேன்" என்றாள். பீன்ஸ் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் நடுக்கேட்டில் சங்கிலியும் பூட்டும் தொங்கின. சிகிச்சைச் செலவைக் கயல் கவரில் வைத்து அனுப்பினாள். எடுத்துக்கொண்டாள். கடையில் பார்த்தாலும் வேறு வரிசைக்குப் போய்விடுவாள். அவள் செய்வது சரிதான்.

நேற்றைக்கு முன்தினம் காலை அவளே வந்தாள். எங்கள் வாசலுக்கு வராமல் ரோட்டிலேயே நின்று கயலைக் கூப்பிட்டாள். அவளுடைய டிரக் கிளம்பவில்லையாம், ரஸ்டிக்குக் கடைசிச் செக்கப், கொண்டுபோய் விட முடியுமா என்றாள். கயல் சாவியை எடுத்தாள். நான் கொட்டகை நிழலிலேயே நின்றேன், அவள் கண்ணில் பட வேண்டாம் என்று.

ரஸ்டி காருக்குப் பக்கத்தில் வந்து ஏறப் பார்த்தது. முன்னங்கால் இரண்டையும் சீட்டில் வைத்துவிட்டது, பின்னால் ஒற்றைக் கால் உந்தவில்லை, வழுக்கியது. மறுபடி வைத்தது. மறுபடி வழுக்கியது. டார்லீன் குனியப் போனாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். கயல் ஒரு அடி எடுத்து வைத்தவள் நின்றுவிட்டாள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, அக்கா. நான் போனேன்.

ஒரு கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்தேன். இன்னொரு கையைப் பின்னால் கொடுத்தபோது, கால் இருந்த இடத்தில் முடி முளைக்காத மழமழப்பான தோல் தட்டுப்பட்டது. என் கை அங்கேயே நின்றுவிட்டது. ரஸ்டிக்கு ஒன்றும் தெரியாது. என் கழுத்தில் மூக்கை வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. முழுப் பாரத்தையும் என்மேல் போட்டுவிட்டது, அவ்வளவு கனம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. டார்லீன் கதவைப் பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா" என்றாள்.

அத்தனை நாளில் அவள் என்னிடம் பேசியது அந்த ஒரு சொல்தான். மெதுவாகவே தூக்கி வைத்தேன்.

உன்
செழியன்